தேன்சிட்டின் மஞ்சள்

ஜூன் 4, புதன்

ஐந்தாவது காரும் காய்ந்துவிட்டது. கொடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, நடுவே மெல்லிய தாள் வைத்து அடுக்கினேன். கார் ஓட்டத் தெரியாத நான் மார்ச் மாதத்திலிருந்து பந்தயக் கார்களோடுதான் குடித்தனம் நடத்துவதாக முரளி சொல்கிறார். புருஷன் சொன்னாலும் உண்மை உண்மைதான்.

ராஜ்மோகன் தன் காட்சிக்கூடத்தில் ஆகஸ்டில் வைக்கப்போகும் கண்காட்சிக்கு ஆறு கார்கள் கேட்டிருந்தார். எல்லாம் பழைய பந்தயக் கார்கள், எல்லாம் லினோ என்ற மெத்தென்ற பலகையில் செதுக்கிக் கையால் அச்சிட வேண்டியவை. முடித்த ஐந்தும் வெளிநாட்டுக் கார்கள். ஆறாவது நம் கோயம்புத்தூரிலேயே செய்தது என்று இன்று ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். சுருட்டு மாதிரி ஒல்லியான ஒரு கார் வளைவில் திரும்புகிறது. ஓட்டுகிறவரின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. பின்னால் புழுதி. வண்டியின் பெயர் தேன்சிட்டு. எழுபத்தொன்றில் இருகூரில் ஒரு பம்ப்செட் பவுண்டரியில் செய்து, சோழவரம் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார்கள்.

செய்தவரும் ஓட்டியவரும் ஒருவரேதான். நஞ்சப்பன். இன்னும் இருகூரில்தான் இருக்கிறாராம்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மாலைவரை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் வெளிச்சம் போதவில்லை. டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன்.

ஜூன் 7, சனி

நஞ்சப்பன் வீட்டுக்குப் போய்வந்தேன். பெரிய மாளிகையை எதிர்பார்த்திருந்தேன். சாதாரண ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம். அவருக்கு எழுபத்தொன்பது வயது, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வரைந்திருந்த படத்தை நீட்டினேன். அவர் கை நீளவில்லை. சிரித்தபடியே இருந்தார். அவர் மனைவி லீலாவதி அம்மா சமையலறையிலிருந்து வந்து, நீட்டிய தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியாது கண்ணு. பன்னெண்டு வருசமாச்சு. உங்ககிட்ட சொல்லலீங்களா அவரு?"

ராஜ்மோகன் சொல்லவில்லை. எழுந்த வேகத்தில் இடப்பக்கம் இருந்த டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டேன். நஞ்சப்பன்தான் என்னைத் தேற்றினார்.

பிறகு அவர்கள் இருவரும் மாறிமாறிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மணல் மூட்டைமேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டித்தட்டி வண்டிக்கு உடம்பு செய்தார்களாம். என்ஜின், விபத்தில் நசுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து எடுத்தது. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு இருவரும் சென்னைக்குப் போய், லாரியிலேயே படுத்து எழுந்து, சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். லீலாவதி அம்மாவின் வேலை, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை நேரம் என்று பார்த்துக் கரும்பலகையில் எழுதித் தூக்கிப் பிடிப்பது.

வண்டி இப்போது எங்கே என்று கேட்டேன்.

"உருக்கிட்டனுங்க," என்றார் நஞ்சப்பன். "எழுவத்தேழுல பவுண்டரி படுத்துப்போச்சு. அலுமினியத்த உருக்கி பம்ப்செட்டுக்குள்ள சுத்தற இம்பெல்லரா ஊத்துனோம்."

ஜூன் 8, ஞாயிறு

காலையில் எழுந்ததிலிருந்து அதே நினைவு. அந்தக் கார் எங்கோ நூறு கிணறுகளுக்குள் சுற்றித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல்.

ஜூன் 12, வியாழன்

லீலாவதி அம்மா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மஞ்சள் விஷயமாக. புகைப்படத்தில் நிறம் இல்லை. வண்டி மஞ்சள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். போனில் மஞ்சளை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

கண்ணாடிப் பலகையில் நான் மையைக் குழைக்கக் குழைக்க, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இது எலுமிச்சை. இது ஸ்கூல் பஸ். இது சாமிக்குக் கட்டுகிற துணி. துளி சிவப்பு, துளி வெள்ளை, பழுப்பில் ஊசிமுனை அளவு. ஒரு கட்டத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இதுதான் கண்ணு. ஆவாரம்பூவப் பறிச்சு வெயில்ல ஒரு நாளு போட்டா வர்ற மஞ்சள்."

அப்புறம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தேன், ஆறிப்போனது. அந்த வண்டியைக் கலரில் யாரும் படமே எடுக்கவில்லையாம். அந்தக் காலத்தில் கலர் பிலிமுக்கு யார் போனார்கள் என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மஞ்சள், மனசுக்குள் இருக்கும் மஞ்சள். அது மங்கிக்கொண்டே வருவதாகப் போன தீபாவளிக்குத்தான் உணர்ந்தாராம்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு நிறத்தை ஒரு மனுஷி இம்மி பிசகாமல் அடையாளம் சொன்னதை இன்று நேரில் பார்த்தேன். நான் நிறங்களோடு பிழைப்பவள். என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

முதல் செதுக்கல் முடிந்தது. மஞ்சள் ஏற்றிவிட்டேன்.

இந்த முறையை லீலாவதி அம்மாவுக்கு விளக்கியபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஒரே பலகைதான். வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் செதுக்கி எடுத்துவிட்டு மஞ்சளை எல்லாத் தாளிலும் அச்சிட வேண்டும். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டியதைச் செதுக்கி எடுத்துவிட்டு அடுத்த நிறம். அப்படியே கருமைவரை. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை குறைந்துகொண்டே வரும். திரும்பிப் போக வழியில்லை. கடைசியில் தாளில் கார் முழுதாக இருக்கும். பலகையில் ஒன்றும் மிஞ்சாது.

தாளைப் பலகையின்மேல் பொருத்தும்போது இடது ஓரம் இரண்டு தாள்களில் நகர்ந்துவிட்டது. இந்தத் தவறு எனக்கு வராது. புது பல்பும் சரியில்லை. வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதே தவிர ஓரங்களுக்குப் போய்ச் சேரவில்லை. மேசைமேல் இன்னொன்று மாட்டச் சொல்ல வேண்டும்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

படத்தைத்தான் நஞ்சப்பனால் பார்க்க முடியாது, பலகையைத் தொடலாமே என்று திடீரென்று தோன்றியது. மையைச் சுத்தமாகத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முதல் செதுக்கல் ஆன பலகையில் வானம் முழுவதும் பள்ளம், வண்டியும் அதன் கீழே தரையும் மேடாக எழுந்து நிற்கும். மடியில் வைத்தேன்.

முதலில் உள்ளங்கையை அகல விரித்து, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல ஒருமுறை தடவினார். பிறகு விரல்கள் மட்டும் போயின. மூக்கு. முன் அச்சு. பக்கவாட்டுத் தகடு. பின்சக்கரம். ஒரு இடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி நின்றார்.

"பொகை போற பைப்பு இந்தப் பக்கம் இல்லீங்களே. இடது பக்கமல்ல இருக்கோணும்?"

பலகையில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும், தாளில் அச்சாகும்போது சரியாகிவிடும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கண்ணாடிக்குள்ள நின்னு பாக்கறனாட்ட இருக்குது."

அடுத்து நடுவே ஒரு வட்டமான குழியைக் கண்டுபிடித்து இது என்ன என்றார். உங்கள் தலைக்கவசம், வெள்ளை என்பதால் குழித்திருக்கிறேன் என்றேன். ஆள்காட்டி விரலை அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருக்குள் என்ன ஓடியதோ, "லீலா, வாச்ச எடு" என்றார்.

லீலாவதி அம்மா மறுபேச்சு இல்லாமல் எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்துவந்து பக்கத்தில் நின்றார். சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. நஞ்சப்பன் பலகையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார். அந்த அம்மா கட்டை விரலை அழுத்தினார்.

அவர் ஒரு சுற்று ஓட்டினார். அதைத்தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நாற்காலியைவிட்டு அசையவே இல்லை. ஆனால் வேட்டிக்கு அடியில் பாதங்கள் மாறிமாறி அழுத்தின. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. வலது கை பலகையைவிட்டு இறங்கித் தொடைக்குப் பக்கத்தில் எதையோ தள்ளி இழுத்துத் திரும்பியது. நீண்ட நேர்ச்சாலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வளைவில் விட்டார். நெற்றியில் வியர்வை. எனக்கு அந்த அறையில் காற்று வீசுவதுபோல இருந்தது. "வந்துட்டேன்" என்றார். கடிகாரம் நின்றது.

லீலாவதி அம்மா என்னிடம் முள்ளைக் காட்டினார். எழுபத்திரண்டில் அவர் ஓட்டிய மிகச் சிறந்த சுற்றுக்கும் இன்று நாற்காலியில் ஓட்டியதற்கும் ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் வித்தியாசமாம்.

"மெதுவா போயிருக்கறீங்க மாமா," என்றார்.

"வயசாச்சல்ல," என்றார் அவர்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு வேலையும் செய்யவில்லை. பலகையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு அது லினோதான். அவருக்கு மட்டும் அது எப்படி ஓடியது?

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது நிறம், பழுப்பு, ஏற்றியாயிற்று. மூக்கிலும் முதுகிலும் மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து சீவி எடுத்தபோது கை தயங்கியது. அவர் விரல் போன இடங்கள்.

இந்த வாரம் எல்லாமே கைதவறுகிறது. செவ்வாயன்று டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். நேற்று ஸ்கூட்டியை உள்ளே ஏற்றும்போது கேட்டில் உரசிவிட்டேன். கேட் எப்போதும் பாதிதான் திறந்திருக்கிறது, முரளியிடம் எத்தனை முறை சொல்வது. அவர் கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முழுதாகத்தானே திறந்திருக்கிறது என்றார். மூக்குக் கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், போய்க் காட்டு என்றும் சொன்னார். கண்காட்சி முடியட்டும்.

மேசைமேல் இப்போது மூன்று விளக்குகள். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கிறது.

ஜூலை 5, சனி

நஞ்சப்பன் பலகையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூன்றாவது செதுக்கலை முடித்துக் கொண்டுபோனேன். பாதியாகிவிட்ட பலகையில் அவர் விரல்கள் வழி தெரியாமல் நின்றதைப் பார்க்க முடியவில்லை.

"மூக்கு எங்கீங்க?"

சொன்னேன். அது தாளுக்குப் போய்விட்டது, பலகையில் இனி இருக்காது என்றேன். சரி என்றார். விரல்கள் மட்டும் விடாமல் தேடிக்கொண்டிருந்தன. பலகையின் ஒரு ஓரத்துக்குப் போனதும் நின்றன. இந்த ஓரத்தில் மட்டும் ஏன் சீவாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்படி இல்லையே, எல்லாவற்றையும் சீவிவிட்டேனே என்றேன். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு மேடு. நான் குனிந்து, தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

லீலாவதி அம்மாவைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, ஊட்ல பல்ப எத்தன தடவ மாத்துனீங்க?"

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"நீங்க எப்ப வந்தாலும் இந்த டீப்பாய இடிக்கறீங்க. எடது பக்கந்தான். மொத நாளு பதட்டத்துல இடிச்சீங்கன்னு நெனச்சேன். நானும் பல்புதாங்க மாத்துனேன். ரெண்டு வருசம் மாத்துனேன். போயி டாக்டரப் பாருங்க."

எனக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடி பவர்தான் என்றேன். நான் சொன்ன விதம் சரியில்லை என்று எனக்கே கேட்டது. காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அவர் எப்படிப் பார்த்தார்? பார்க்க முடியாத மனிதர்.

ஜூலை 10, வியாழன்

சாம்பல் நிறம் ஏற்றினேன். தரை வந்துவிட்டது, புழுதி வந்துவிட்டது. கறுப்பு மட்டும்தான் பாக்கி. நன்றாக வந்திருக்கிறது.

மதியம் சிங்காநல்லூர் சந்திப்பில் மை வாங்கப் போனேன். சாலையைக் கடக்கும்போது யாரோ என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அதற்கப்புறம்தான் பஸ் என் மூக்குக்கு முன்னால் போனது. இழுத்தது பூக்காரம்மா. நான் அந்தப் பக்கம் பார்த்தேன், சாலை காலியாக இருந்தது. நிச்சயமாகக் காலியாக இருந்தது. அவ்வளவு பெரிய பஸ், பச்சை நிறம், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எப்படி வரும்?

அந்த அம்மா திட்டினார். நான் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தேன். முரளியிடம் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். பல்ப், டீப்பாய், பஸ், எல்லாவற்றையும். முரளி பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் மாலைதான் வந்தோம்.

ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெள்ளைக் கிண்ணம்போல வளைந்த சுவர். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் மினுங்கினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். விளையாட்டு மாதிரி இருந்தது. வலது கண்ணில் நிறைய மினுங்கின. இடது கண் வந்ததும் கொஞ்ச நேரம் மினுங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. இயந்திரம் கோளாறு என்று நினைத்துக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், மெஷின் நின்றுபோச்சா என்று கேட்டேன். இல்லை மேடம், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.

வெளிச்சங்கள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய். இடது கண்ணில் வெளிப்பக்கம் கணிசமாகப் போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான் தொடங்குகிறது. டாக்டர் இளம்பெண், ஒளிக்காமல் பேசினார். போனது போனதுதான். இருப்பதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றலாம். நான் சரியான நேரத்தில் வந்துவிட்டதாகச் சொன்னார். பெரும்பாலானவர்கள் இதற்கப்புறம்தான் வருவார்களாம். எப்படி சந்தேகம் வந்தது என்று கேட்டார். ஒரு ரேஸ் டிரைவர் சொன்னார் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டாரா தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நான் பயந்திருக்க வேண்டும். பயமும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருக்கிறது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன இடம் இருட்டாக இல்லை. எனக்கு எங்கேயும் கறுப்பு ஓட்டை தெரியவே இல்லை. டாக்டர் சொன்னார், காணாமல் போனதைப் பக்கத்தில் இருப்பதைக்கொண்டு மூளையே நிரப்பிக்கொள்ளுமாம். சுவர் இருந்தால் சுவர். சாலை இருந்தால் காலிச் சாலை. அப்படியென்றால் அன்று நான் பார்த்த காலிச் சாலையை நானே வரைந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல், ஒரு பஸ்ஸை அழித்துவிட்டு, வெயிலும் நிழலும் சரியாகப் போட்டு. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு படம் நான் செய்ததில்லை.

காலையில் மொட்டைமாடிக்குப் போனோம். மேற்கே மலை தெரிந்தது. தலையைத் திருப்பித் திருப்பி முழுவதையும் பார்த்தேன். முரளி என் இடப்பக்கம் வந்து நின்றார். தெரிகிறேனா என்று கேட்டார். திரும்பினால் தெரிகிறீர்கள் என்றேன்.

ஜூலை 19, சனி

இருகூர் போனேன். டீப்பாயை அவர்கள் சுவரோரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நஞ்சப்பன் ஐயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று மட்டும் சொன்னார். அவர் விட்டிருக்கிறார். நன்றாகத்தானே தெரிகிறது என்று நிறுத்தியிருக்கிறார்.

நான் ஒரு முடிவோடுதான் போயிருந்தேன். கறுப்புக்காக இன்னும் ஒரு செதுக்கல் பாக்கி. அதற்குப் பிறகு பலகையில் சக்கரங்களும் சில கோடுகளும்தான் மிஞ்சும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. பலகையை இப்படியே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன், பாதி வண்டியாவது இருக்கிறது என்றேன். ராஜ்மோகனுக்கு ஐந்து கார் போதும், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். எனக்குக் கண் கொடுத்தவருக்கு நான் தரக்கூடியது அதுதான் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

லீலாவதி அம்மா என் முகத்தைப் பார்த்தார், கணவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து, துவைத்த துணியை எடுக்கப்போவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை நஞ்சப்பன் ஐயா காத்திருந்தார்.

"செதுக்கிருங்க அம்மிணி."

நான் பேசப்போனேன். கையை உயர்த்தினார்.

"எனக்கு அந்த வண்டி இருக்குது. கண்ணு போன பின்னாலதான் நல்லாத் தெரியுது. ஒவ்வொரு ஆணியும் தெரியும். அவளுக்குத்தாங்க இல்ல. அந்த மஞ்சளப் பத்தி எங்கிட்ட தெனமும் கேக்கறா, இப்படி இருந்துச்சா, அப்படி இருந்துச்சான்னு. எங்கிட்டயே கேக்கறா. நான் உருக்கும்போது ஒரு வார்த்த சொல்லலீங்க அவ. அவளுக்குக் கலருல குடுத்துருங்க."

பலகையைக் கடைசியாக ஒருமுறை மூக்கிலிருந்து வால்வரை தடவினார். மூக்கு இல்லை, இருந்தும் விரல் அது இருந்த இடத்தில் சரியாக வளைந்து போனது. துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

ஜூலை 27, ஞாயிறு

செதுக்கிவிட்டேன். இரண்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலோரமாக மேசையைத் திருப்பிப் போட்டு, பகல் வெளிச்சத்தில். பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். ஒவ்வொரு ஓரத்தையும் விரலாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கறுப்பை உருட்டி, தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தேன். ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தேன். நூறு முறைக்குமேல் செய்த காரியம். ஆனால் இன்று தாள் பலகையைவிட்டுப் பிரியும் அந்த மெல்லிய கிழிசல் சத்தத்தில் என் முதுகு சிலிர்த்தது.

கார் வந்துவிட்டது. சக்கரங்களுக்கு எடை வந்துவிட்டது. மஞ்சள் பற்றி எரிந்தது. நான் செதுக்கிய ஒரு கோடும் எனக்கு நினைவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல அது அங்கே இருந்தது. முரளியைக் கூப்பிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அப்படியே நின்றுவிட்டார். கணக்கு வாத்தியார். முதல் ஐந்து கார்களிலும் தப்புத் தேடியவர்.

மிஞ்சிய பலகையைக் கழுவிச் சுவரில் சாய்த்தேன். என்ன படம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கண்காட்சிக்கு முன்பாகவே முதல் தாளை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முரளியோடு போனேன். லீலாவதி அம்மா வீடு நிறையச் சித்திரான்னம் செய்து வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும் என்றார். நாங்கள் சாப்பிட்டோம். அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

கூடத்து மேசையில் தாளை விரித்தேன். வாசலிலிருந்து வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

அந்த அம்மா வெகுநேரம் நின்றார். கை மஞ்சளை நோக்கிப் போய், தொடாமல் திரும்பியது. அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"இதென்ன கண்ணு? இந்த முன்சக்கரம் தரையில படலியே?"

புகைப்படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சும்மா பார்த்தால் தெரியாது, உருப்பெருக்கியில் பார்த்தபோது சக்கரத்துக்கு அடியில் மயிரிழைபோல வெளிச்சம் தெரிந்தது, அதை வெள்ளையாகவே விட்டேன் என்றேன். அவர் மெதுவாக நிமிர்ந்து, நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

"மாமா. சக்கரம் தூக்குமா?"

நஞ்சப்பன் ஐயா தொண்டையைச் செருமினார். "பலகையிலயே எனக்கு அது தட்டுப்பட்டுச்சு," என்றார். "அம்மிணி இத்தன நுணுக்கமாப் பாப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல."

"தூக்குமான்னு கேட்டேன்."

"தூக்கும்."

"எப்பவாச்சுமா?"

"அந்த வளைவுல எப்பவும் தூக்கும் லீலா. தூக்குனாத்தான் நேரம் கெடைக்கும்."

லீலாவதி அம்மா நின்ற கோடு அந்த வளைவுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் புழுதிதான் தெரியும். அத்தனை வருஷமும், ஒவ்வொரு சுற்றிலும், அவர் கட்டை விரலைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மறுபக்கம் இது நடந்துகொண்டிருந்தது. அவர் எழுதித் தூக்கிப் பிடித்த ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் இது இருந்திருக்கிறது. அது அவருக்குப் புரிவதை நான் பார்த்தேன். முகம் வெளிறி, சிவந்து, பிறகு வேறொன்றாக மாறியது. அதை என்னால் செதுக்க முடியாது.

"தெரிஞ்சிருந்தா நான் உங்கள வண்டியில ஏறவே உட்டிருக்க மாட்டேன்," என்றார்.

"அதனாலதான் சொல்லல."

லீலாவதி அம்மா அவர் அருகில் போய், கையைப் பிடித்து எழுப்பி, மேசைக்கு அழைத்துவந்தார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளின்மேல், அந்தச் சக்கரத்துக்கு அடியில், மை ஏறாத அந்த இழையில் வைத்தார். நாலு நிறம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய தாள், ஓரங்களில் மை கொஞ்சம் தடித்திருக்கும். அது அவர் விரலுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. விரல் அங்கேயே இருந்தது. அந்த அம்மா தன் விரலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல மஞ்சள் மாமா, நல்ல மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருவரும் என் இடப்பக்கத்தில் நின்றதால், இருவரையும் ஒன்றாகப் பார்க்க நான் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன்.